டிரம்மில் லேபிள் இருக்கும்போது கேனுக்கு எதற்கு?

3 ஜூன் 2023, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வெளிநாட்டு வாங்குநர் அனுப்பிய தணிக்கையாளர், டிரம்களில் இருந்த லேபிள்கள் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, கலர் கிச்சனில், அதாவது சாயம் கலக்கும் அறையில், இருந்த 5 லிட்டர் கேன்களிலும் வாளிகளிலும் லேபிள் இல்லை என்று குறை எழுதிவிட்டுப் போனார். விவரம் முழுவதும் டிரம்மில் இருக்கிறது. காலையில் ஊற்றினால் மாலைக்குள் தீர்ந்துபோகும் கேனுக்கும் லேபிள் ஒட்டச் சொல்வது கண்துடைப்பு என்றே நினைக்கிறேன். சட்டத்தில் இப்படி ஏதாவது இருக்கிறதா?

3 ஜூன் 2023, இரவு (என் பதில்)

டிரம்மை யாரும் மாற்றி எடுப்பதில்லை. சாயவேலையில் போடும் ஹைட்ரோஸ் தூள் இரும்பு டிரம்மில் வருகிறது, காஸ்டிக் சோடா மூட்டையில் வருகிறது, ஹைட்ரஜன் பெராக்சைடு மூடியில் காற்றுத்துளை வைத்த பெரிய கேனில் வருகிறது. லேபிள் கிழிந்திருந்தாலும் பழகியவர் தோற்றத்தை வைத்தே கண்டுகொள்வார். ஒரே அளவுள்ள வெள்ளைக் கேன்களுக்குள் போன பிறகுதான் அவை ஒன்றுபோல ஆகின்றன.

2009இல் நான் ஒரு பட்டறையில் கெமிக்கல் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிய கேன்களின் மூடியில் மார்க்கர் பேனாவால் அடையாளம் எழுதுவது என் பொறுப்பு. ஹைப்போ கேனில் இடம் போதாமல் ‘ஹை’ என்று மட்டும் எழுதினேன். அங்கே சிலர் பெராக்சைடை ‘ஹைட்ரஜன்’ என்றே சொல்வார்கள் என்பதால் அந்தக் கேனிலும் ‘ஹை’ என்றே எழுதியிருந்தேன். எழுதிய எனக்கு எது எது என்று தெரியும். இரவுப் பணிக்கு வந்தவருக்குத் தெரியாது. அடியில் அரை லிட்டர் அளவுக்கு ஹைப்போ மிச்சமிருந்த கேனில் அவர் பெராக்சைடை ஊற்றி மூடியைத் திருகினார். அவை இரண்டும் சேர்ந்தால் ஆக்சிஜன் பொங்கிக்கொண்டு வெளியேறும். மூடி பறந்து, உள்ளே இருந்தது அவருடைய முகத்திலும் வலது கண்ணிலும் அடித்தது.

குழாயடியில் உட்கார வைத்து 20 நிமிடங்களுக்கு மேல் கண்ணைக் கழுவினோம். பார்வை தப்பியது. ஆனால் மருத்துவமனையில் கண்ணில் பட்டது என்ன என்று கேட்டபோது, நாங்கள் மூவரும் மூன்று பதில்களைச் சொன்னோம். அந்த நிமிடம்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, உற்பத்தியாளர் தரும் கொள்கலனோடு அது நின்றுவிடுகிறது என்றே நினைக்கிறேன். உள்ளே ஊற்றிவைப்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

4 ஜூன் 2023

நேற்று எழுதியதில் கடைசிப் பத்தி தவறு. விதியைத் திரும்ப எடுத்துப் படித்தேன்.

அபாயகரமான வேதிப்பொருள்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய 1989ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளில் 17ஆம் விதியைப் பாருங்கள். அது கடமையைச் சுமத்துவது பட்டறையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் மீது. பாதுகாப்புத் தகவல் தாளை 9ஆம் அட்டவணைப்படி வாங்கியோ தயாரித்தோ வைத்திருக்க வேண்டும், கேட்பவருக்குக் கிடைக்கும்படி அது இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதன் 4ஆம் உட்பிரிவில் ஒவ்வொரு கொள்கலனிலும் உள்ளே இருப்பது என்ன, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் என்ன, பொருளின் இயற்பியல், வேதியியல், நச்சுத் தன்மைகள் என்ன என்பவை தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும் என்கிறது. ‘ஒவ்வொரு கொள்கலனும்’ என்பதுதான் அதிலுள்ள சொல். பெரியது சிறியது என்ற பாகுபாடு இல்லை. கொள்கலன் மிகச் சிறியதாக இருந்து ஒட்ட முடியாமல் போனால் என்ன செய்வது என்பதற்கும் 5ஆம் உட்பிரிவில் விடை உண்டு: அட்டையைக் கட்டித் தொங்கவிடலாம், அல்லது உடன்தாள் வைக்கலாம்.

இதற்கு முன்பே, 1984 டிசம்பரில் போபாலில் நடந்ததன் விளைவாக, 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயத் தகவலைத் தொழிலாளருக்கு வெளிப்படுத்த வேண்டும் என்ற 41பி பிரிவும், தன் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளருக்குத் தரும் 111ஏ பிரிவும் அப்போது சேர்ந்தவை. கேனில் இருப்பது என்ன என்று ஒருவர் கேட்டால், சட்டத்தின் பார்வையில் அவர் தன் உரிமையைக் கேட்கிறார்.

11 ஜூன் 2023

கேள்வி கேட்டவரே மறுபடியும் எழுதியிருக்கிறார்: அப்படியானால் டிரம் லேபிளை நகலெடுத்துக் கேனில் ஒட்டிவிட்டால் போதுமா என்று. பொருளை அப்படியே ஊற்றினால் போதும். தண்ணீர் சேர்த்துக் கலக்கியிருந்தால் போதாது. ஏனென்றால் செறிவு மாறினால் வகைப்பாடும் மாறும்.

காஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வகைப்பாட்டில் 5 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் தோலைச் சிதைப்பதில் மிகக் கடுமையான 1ஏ பிரிவு. 2 முதல் 5 வரை 1பி. அரை சதவீதத்திலிருந்து 2 வரை எரிச்சலூட்டும் பொருள். இதைப் படித்த பிறகு நான் செய்துகொண்ட திருத்தம் ஒன்று உண்டு. ‘தண்ணீர் கலந்த காஸ்டிக்தானே’ என்று நாங்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டது 10 சதவீதக் கரைசலைப் பற்றி. அது மூட்டையில் இருக்கும் செதில் காஸ்டிக்கின் அதே கடுமைப் பிரிவில்தான் இருக்கிறது. கலக்கிவிட்டோம் என்ற எண்ணமே எங்களைக் கையுறை இல்லாமல் வேலை செய்ய வைத்தது.

பெராக்சைடு அப்படியல்ல. 50 சதவீதத்தில் அது தோலைப் பொசுக்கும், தீயை வளர்க்கும். 35க்குக் கீழே போனால் தோலைப் பொறுத்தவரை எரிச்சலூட்டுவது என்ற பிரிவில்கூட வராது. ஆனால் கண்ணுக்கு அது 8 சதவீதத்திலேயே நிரந்தரச் சேதம் செய்யக்கூடியது. கையில் பட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்துக் கண்ணாடி அணியாமல் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் சொல்லிக்காட்டுகிறேன்.

அசிட்டிக் அமிலம் இன்னொரு மாதிரி. புளித்த வாடை சமையலறையை நினைவூட்டுவதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீர் கலக்காத அசிட்டிக் 39 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே அந்த வெப்பம் நமக்குப் புதிதல்ல. வெல்டிங் நடக்கும் இடத்துக்கு அருகில் அசிட்டிக் கேன்களை அடுக்கியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். டிரம்மில் தீப்பிழம்புப் படம் இருந்தது. கேனில் அந்தப் படம் இல்லை.

12 ஜூன் 2023

பெராக்சைடு லேபிளில் அரிப்புப் படம் இருக்கும்போது ஆச்சரியக்குறிப் படமும் எதற்கு, கடுமையானது இருந்தால் இலேசானதை விட்டுவிட வேண்டும் என்பதுதானே விதி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விதி உண்மைதான், ஆனால் அதன் எல்லை குறுகியது. அரிப்புப் படம் வந்தால், தோல் எரிச்சலுக்கும் கண் எரிச்சலுக்கும் உரிய ஆச்சரியக்குறியை மட்டுமே விட வேண்டும். பெராக்சைடில் அந்தக் குறி விழுங்கினால் தீங்கு, சுவாசித்தால் தீங்கு என்பதற்காக நிற்கிறது. ஆகவே 50 சதவீதக் கேனில் வட்டத்தின் மேல் தீ, அரிப்பு, ஆச்சரியக்குறி என்று மூன்று படங்களும் இருப்பது சரி.

25 ஜூன் 2023

எண்களைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாட்களாக நினைத்திருந்தேன்.

நான்கு நிறக் கட்டங்கள் கொண்ட வைரவடிவப் பலகையை ஸ்டோர் கதவில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் 704ஆம் எண் முறை அது. இடப்பக்க நீலம் உடல்நலம், மேலே சிவப்பு தீப்பற்றும் தன்மை, வலப்பக்க மஞ்சள் நிலையின்மை, கீழே வெள்ளை தனிக்குறிப்பு. அதில் 0 என்றால் அபாயம் மிகக் குறைவு, 4 என்றால் உச்சம். தீயணைக்க வருபவர் தொலைவிலிருந்தே பார்த்து முடிவெடுக்க அமைத்த முறை அது.

ஐக்கிய நாடுகளின் உலகளாவிய ஒத்திசைவு முறையில், அதாவது ஜிஎச்எஸ்ஸில், வரிசை தலைகீழ்: பிரிவு 1தான் மிகக் கடுமையானது. 1992இல் ரியோ மாநாட்டில் முடிவெடுத்து, 2003இல் முதல் பதிப்பாக வந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை திருத்தப்பட்டு வரும் முறை அது. ஒரே ஸ்டோரில் கதவுப் பலகையில் ‘3’ என்றும், உள்ளே தகவல் தாளில் ‘பிரிவு 1’ என்றும் ஒரே பொருளுக்கு இருக்கும். புதிதாக வந்த ஒரு பட்டயப் படிப்பு மாணவர் இரண்டையும் ஒப்பிட்டு, தாளின்படி அபாயம் குறைந்துவிட்டது என்று எனக்கு விளக்கினார். அவர் மேல் பிழை சொல்ல முடியாது. இரண்டு முறைகளையும் ஒரே சுவரில் வைத்துவிட்டு எந்த எண் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது தொழிலாளருக்கான அட்டைகளில் எண்ணே போடுவதில்லை. ‘அபாயம்’, ‘எச்சரிக்கை’ என்ற இரண்டு சொற்களில் ஒன்று, அதன் படம், செய்ய வேண்டியது, அவ்வளவுதான். இரண்டு சொற்களில் ‘அபாயம்’தான் கடுமையானது.

பூச்சிமருந்துப் புட்டியின் முக்கோண நிறம் இன்னொரு குழப்பம். நம் பட்டறைகளில் வேலை செய்யும் பலர் தோட்டம் துரவு உள்ள குடும்பத்திலிருந்து வந்தவர்கள். 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சுத்தன்மை இறங்கிக்கொண்டே வரும் வரிசை அவர்களுக்குப் பழக்கம். பச்சை என்பது நான்கில் குறைந்த நச்சு என்பதைத்தான் சொல்கிறது. நச்சே இல்லை என்று சொல்லவில்லை. பச்சை மூடி போட்ட கேன் ஒன்றைக் கை கழுவும் சோப்பு என்று எடுத்தவரை நான் அறிவேன். அதற்குப் பிறகு மூடி நிறத்தை அடையாளமாக வைக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டேன்.

9 ஜூலை 2023

12ஆம் தேதிக் குறிப்பில் ‘அரிப்புப் படம்’ என்று நானே எழுதியிருக்கிறேன். நேற்றுப் பயிற்சி வகுப்பில் அந்தச் சொல்லின் விளைவைப் பார்த்தேன். ‘இது அரிக்கும் பொருள்’ என்று சொன்னதும் முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா, ‘தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகிவிடுமா?’ என்று கேட்டார். உலோகம் அரிபடுவதற்கும் உடம்பில் நமைச்சல் எடுப்பதற்கும் நமக்கு ஒரே சொல். மொழிபெயர்த்த லேபிள்களில் எல்லாம் ‘அரிக்கும் தன்மை கொண்டது’ என்றுதான் இருக்கிறது. அகராதிப்படி அது பிழையில்லை. சேற்றுப்புண்ணோடு ஈரத்தில் நின்று வேலை செய்பவர் அதை நமைச்சல் என்றே படிப்பார்.

இனி ‘தோல் வெந்துபோகும், கண் போய்விடும்’ என்று எழுதப் போகிறேன். லேபிளில் இவ்வளவு கடுமையாக எழுதலாமா என்று நிர்வாகத்தில் தயங்குகிறார்கள். ஜிஎச்எஸ்ஸில் அந்தப் பிரிவுக்குரிய வாசகம் தோலில் கடுமையான தீப்புண்ணும் கண்ணில் சேதமும் உண்டாக்கும் என்பதுதான். நான் எதையும் கூட்டவில்லை.

16 ஜூலை 2023

ஹைட்ரோஸ் பற்றி. நீண்ட காலமாக என் ஸ்டோரில் அதற்கான அட்டையில் ‘தண்ணீர் படக்கூடாது. தீப்பிடித்தால் மணல் போடவும்’ என்று இருந்தது. இந்த இழையைப் படிப்பவர்களும் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

18 ஜூலை 2023

மேலே எழுதியதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டாம். தீயணைப்புப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர் தனியாக எழுதித் திருத்தினார். அவர் சொன்னதைத் தகவல் தாளின் 5ஆம் பகுதியோடும், வட அமெரிக்க நாடுகளின் அவசர உதவிக் கையேட்டில் ஹைட்ரோஸைக் குறிக்கும் ஐநா எண் 1384க்கு உரிய பக்கத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

ஹைட்ரோஸ் தானாகவே சூடேறும் பொருள். டிரம்முக்குள் ஈரக் கையோ ஈர மக்கோ போனால், அந்தக் கொஞ்ச ஈரம் போதும். உள்ளுக்குள் சிதையத் தொடங்கி, சூடேறி, கந்தக டையாக்சைடை வெளிவிட்டுப் புகையும். இந்த அளவில் ‘தண்ணீர் படக்கூடாது’ என்பது சரி. ஆனால் எரியத் தொடங்கிய பிறகு மணலால் மூடுவது பயன்படாது, ஏனென்றால் அது எரிவதற்கு வெளிக்காற்று தேவையில்லை. அப்போது வேண்டியது வெள்ளமாகத் தண்ணீர். சிதைவை நிறுத்தும் அளவுக்குக் குளிர்விக்கும் தண்ணீர். ஒரு வாளி ஊற்றினால் கேடு, குழாயைத் திறந்து கொட்டினால் காப்பு.

இதை எழுதும்போது என் மனம் அமைதியாக இல்லை. என் அட்டையைப் படித்த ஒருவர், புகையும் டிரம்முக்கு முன்னால் குழாயைத் திறக்கத் தயங்கி மணலைத் தேடிப் போயிருப்பார். 14 ஆண்டுகள் அந்த அட்டை அங்கே தொங்கியது. லேபிள் இல்லாததைப் பற்றியே இதுவரை பேசிக்கொண்டிருந்தேன். தவறான லேபிளை நம்பிக்கையோடு எழுதித் தொங்கவிட்டவன் நான். அந்தப் பட்டறைக்கு இன்று காலையே தொலைபேசியில் சொல்லி அட்டையை எடுக்க வைத்துவிட்டேன்.

6 ஆகஸ்ட் 2023

அமிலத்தைப் பற்றியே எல்லாரும் கேட்கிறார்கள். சாயத்தூளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என் கணிப்பில் கலர் கிச்சனில் மிகவும் அலட்சியமாகக் கையாளப்படுவது அதுதான். ரியாக்டிவ் சாயங்களில் பலவற்றின் பெட்டியில், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போன்ற மனித உருவம் இருக்கும். சுவாசித்தால் ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ மூச்சுத்திணறலோ வரலாம் என்பது அதன் பொருள். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே தூண்டிவிடப் போதும்.

எங்களிடம் சாயம் எடை போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு இரண்டாம் ஆண்டில் இருமல் தொடங்கியது. பஞ்சுத் தூசி என்றோம், பனி என்றோம். ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளி விடுமுறையிலும் இருமல் இல்லை, வேலைக்கு வந்த அன்று மாலையே திரும்ப வருகிறது என்பதை அவருடைய மனைவிதான் கவனித்துச் சொன்னார். பெட்டியிலிருந்து தூளை டப்பாக்களுக்கு மாற்றி, டப்பாவில் ‘சிவப்பு’, ‘மஞ்சள்’, ‘கருப்பு’ என்று நிறத்தின் பெயரை மட்டும் ஒட்டியிருந்தோம். அவர் கண்முன் அந்தப் படம் ஒருநாளும் வந்ததில்லை. அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். வாடை பட்டால் இன்னும் மூச்சு இளைக்கிறது என்று சொல்கிறார்.

துணிமுகமூடி போதுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. நுண்தூளைத் தடுக்கும் தரமுள்ள முகமூடி வேண்டும். அதற்கும் முன்னால், எடை போடும் மேசையில் தூளை உறிஞ்சி இழுக்கும் காற்றுவழி வேண்டும். லேபிள் இவற்றின் இடத்தைப் பிடித்துவிடாது. எங்கே இவை தேவை என்று காட்டுவதுதான் அதன் வேலை.

20 ஆகஸ்ட் 2023

‘ஹைப்போ’ என்ற சொல்லைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பது முக்கியமானது. வெளுக்கும் ஹைப்போகுளோரைட்டும் ஹைப்போதான். வெளுத்த பிறகு மிஞ்சிய குளோரினை நீக்கப் போடும் தயோசல்ஃபேட் படிகமும் பழைய ஆட்கள் வாயில் ஹைப்போதான். ஒன்று நோய் என்றால் மற்றது மருந்து, பெயர் ஒன்று. முதல் குறிப்பில் நானும் ஹைப்போ என்று எழுதி, எது என்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். அந்தக் கேனில் இருந்தது ஹைப்போகுளோரைட். புழக்கப் பெயரை விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெயரைக் கேட்டால்தான் ஆள் திரும்பிப் பார்ப்பார். அதற்குக் கீழே முழுப்பெயரும் இருக்க வேண்டும்.

10 செப்டம்பர் 2023

கழிவுநீர்த் தொட்டிக்கு என்ன லேபிள் போடுவது என்ற கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த முறை முழுவதும் விலைக்கு வாங்கிவரும் பொருளை வைத்து அமைந்தது. விற்றவர் வகைப்படுத்தித் தருகிறார், நாம் அதைத் தொடர்கிறோம். தொட்டியின் அடியில் சேறு அழுகி உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடை யாரும் விற்கவில்லை. அதற்குத் தகவல் தாளும் வராது, டிரம்மும் வராது. அழுகிய முட்டை வாடை முதலில் வரும், செறிவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடை நின்றுவிடும். வாடை போய்விட்டது என்று இறங்குபவர் திரும்புவதில்லை, அவரைத் தூக்கப் போகிறவரும் திரும்புவதில்லை.

மூடியின் மேல் மண்டையோட்டுப் படத்தைப் பெரிதாக வரைந்து, ‘உள்ளே உயிரைக் கொல்லும் வாயு. வாயுவை அளக்காமலும் எழுத்து அனுமதி இல்லாமலும் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே விழுந்தவரைத் தூக்க, மூச்சுக்கருவி இல்லாமல் இறங்கக் கூடாது’ என்று எழுதி வைத்திருக்கிறோம். கடைசி வரியை எழுதத் தயங்கினேன், மனிதத்தன்மை இல்லாதது போலத் தோன்றியது. மீட்கப் போனவர்களும் சேர்ந்து இறப்பதைச் செய்திகளில் திரும்பத் திரும்பப் படித்த பிறகு எழுதிவிட்டேன்.

8 அக்டோபர் 2023

அட்டையின் மாதிரியைக் கேட்டவர்களுக்காக, ஹைட்ரோஸுக்கு இப்போது நாங்கள் தொங்கவிடுவதைத் தருகிறேன். மேலே ‘ஹைட்ரோஸ்’, கீழே ‘சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்’, தயாரித்தவர் பெயரும் முகவரியும், ‘அபாயம்’ என்ற சொல், தீப்பிழம்பும் ஆச்சரியக்குறியும். பிறகு: ‘கொஞ்சம் ஈரம் பட்டாலும் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். காய்ந்த கரண்டியால் மட்டும் எடுக்கவும். எடுத்தவுடன் மூடவும். அமிலத்தோடு சேர்ந்தால் நச்சுப்புகை வரும். புகைந்தால் காற்று வரும் திசைக்கு விலகி நின்று, குழாயைத் திறந்து ஏராளமாகத் தண்ணீர் அடிக்கவும்.’

எங்கள் இரவுப் பணியில் பாதிப்பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவர், ‘அண்ணா, பின்பக்கம் நாங்கள் எழுதுகிறோம்’ என்று கேட்டு வாங்கி ஒடியாவில் எழுதிக் கொடுத்தார். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஜூலையில் பட்ட பாட்டை நினைத்து, எழுதியவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அவருடைய ஊரைச் சேராத இன்னொருவரிடம் கொடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்லச் சொன்னேன். எல்லாம் சரியாக வந்தது; கடைசி வரியை மட்டும் ‘தண்ணீர் தெளிக்கவும்’ என்று படித்தார். தெளிப்பது வேறு, அடிப்பது வேறு என்று மூவரும் உட்கார்ந்து பேசி, அந்த ஒரு சொல்லை மாற்றி எழுதிய பிறகுதான் அட்டையைத் தொங்கவிட்டோம்.